நீக்கப்பட்ட மூன்று அளவீடுகள்

நான் கல்லூரிக்குச் செல்லும் பேருந்து நெய்யாற்றின்கரையைக் கடந்ததும், சாலையோரத்தில் புதிதாக நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு பலகை கண்ணில் படும். எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தானே அளந்து, சிவப்பு எண்களில் காட்டும் பலகை அது. ஓட்டுநர் அதைப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். இன்று நாற்பத்தொன்று காட்டியது. அப்படியானால் ஐம்பது மீட்டரைக் கடக்க நான்கரை வினாடிக்குச் சற்றுக் குறைவு என்று மனம் கேளாமலே விடை சொன்னது. யாப்பிலக்கணத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு போகும் முதுகலைத் தமிழ் மாணவிக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். அதற்குள் மூக்கில் சுண்ணாம்புப் பொடியின் நெடி ஏறிவிட்டது.

விளையாட்டு நாளில் ஓடுபாதைக்குக் கோடு போடுவார்களே, அந்தப் பொடி. ஒன்பதாம் வகுப்பில் நானும் ஷைனியும் அதைக் கொண்டு பள்ளிக்கு முன்னால் சாலையின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டோம். பாறசாலைப் பக்கத்து எல்லைக் கிராமம் ஒன்றில், மலையாளப் பிரிவின் நெரிசலுக்கு நடுவே, தமிழ்ப் பிரிவில் நாங்கள் பதினொரு பேர் படித்தோம். பதினொருவரில் அறிவியலுக்குப் பிறந்தவள் நான் என்பது என் எண்ணம். என் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் இராது. வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். நிற்காதவற்றை நான் நிற்க வைத்துவிடுவேன்.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஒரு நாள் சுருள்வில் தராசை எடுத்துக்கொண்டு சமையற்கூடத்துக்குப் போனோம். அங்கே ராஜம்மாக்கா மதியத்துக்கான சிறுபயற்றைப் புடைத்துக்கொண்டிருந்தார். முழுப் பள்ளிக்கும் அவர் ஒருவரே சமைத்தார். பயற்றுப் பையைத் தராசில் தொங்கவிட்டு, சந்திரனில் இதன் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மட்டும் மாறாது என்று நான் விளக்கினேன். ஒப்புவிக்கும் குரலில்தான் விளக்கியிருப்பேன்.

"சந்திரனில எனக்கென்ன சோலி மக்கா? தூக்குத எனக்கு ரெண்டும் ஒண்ணாக்கும்" என்றார் அவர். ஷைனி சிரித்த சிரிப்பில் தராசு கைநழுவி விழப் பார்த்தது.

அவர் தூக்கியது பயறு மட்டுமன்று. பள்ளிக் கிணற்றில் நீர் கலங்கிய பிறகு, சாலைக்கு அப்பாலிருந்த பொதுக்குழாய்தான் சமையலுக்கு ஆதாரம். காலையில் எட்டு வாளி. ஒரு தடவைக்கு இரண்டு வாளியாக, நான்கு முறை போய் நான்கு முறை வரவேண்டும். அந்த நேரம் எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பள்ளி நேரத்தில் டிப்பர் லாரிகள் ஓடக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் விதி உண்டு. எட்டரைக்கு விதி தொடங்குவதற்கு முன் இன்னும் ஒரு லோடு இறக்கிவிட வேண்டும் என்று, பாறைமணல் ஏற்றிய டிப்பர்கள் அந்த அரை மணியில் பறக்கும். பிள்ளைகள் வந்து சேரும் வேளையில் சாலை சாதுவாகக் கிடக்கும். ஆகவே அந்த வேகத்தைக் கண்டவர் ராஜம்மாக்காவைத் தவிர அதிகம் பேர் இல்லை.

சாஸ்திர மேளை எனப்படும் அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று நாங்கள் சமையற்கூட வாசலில் நின்று வாதிட்டுக்கொண்டிருந்தபோது அவர்தாம் சொன்னார்: "எட்டி பிள்ளைகளா, எல்லா வருசமும் எரிமலை உண்டாக்கிக் கொண்டு வைக்கிதிய. அதினால ஆருக்கு என்ன பிரயோசனம்? இந்த ரோட்டுல போற வண்டிக்க ஸ்பீட எழுதிப் பஞ்சாயத்துல குடுங்க. ஒரு ஹம்பு கிட்டட்டு. ரெண்டு கையிலயும் வாளி வச்சுக்கிட்டு எனக்கு ஓட ஒக்காது."

ஹம்பு என்றால் வேகத்தடை. அவர் கேட்டது அது ஒன்றுதான்.

நீளத்தாண்டலுக்குரிய நாடாவால் ஐம்பது மீட்டர் அளந்தோம். வண்டி முதல் கோட்டைத் தொட்டதும் ஷைனி கைக்குட்டையைக் கீழே இறக்குவாள். இரண்டாம் கோட்டருகே நான் நிறுத்துகடிகாரத்தை அமுக்குவேன். வண்டி என்னைக் கடந்ததும் மறுபடி அமுக்குவேன். நான்கு காலைகள், நாற்பது அளவீடுகள். முப்பத்தேழு அளவீடுகள் நான்கரைக்கும் ஐந்தரை வினாடிக்கும் இடையில் அழகாக அடங்கின. மூன்று மட்டும் அடங்கவில்லை: 2.6, 2.7, 2.5. மணிக்கு எழுபது கிலோமீட்டரை ஒட்டிய வேகம். மூன்றும் டிப்பர்கள், மூன்றும் வெவ்வேறு காலைகளில், எட்டரைக்கு முன்.

நான்காம் நாள் மாலை, வேகத்தைக் குறித்த வரைபடத் தாளில் அந்த மூன்று புள்ளிகளும் கூட்டத்தைவிட்டு எங்கோ உயரத்தில் கிடந்தன. எனக்கு அவை அசிங்கமாகத் தோன்றின. ஆய்வகத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தைக் குறிக்கும்போது, மற்றவற்றோடு ஒத்துவராத அளவீட்டை நீக்கிவிட்டுச் சராசரி எடுப்போம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அதற்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. அளவுகோலால் கோடிட்டு அந்த மூன்றையும் நீக்கினேன்.

"எட்டி, அது தப்பொண்ணும் இல்ல. நான் கண்ணால கண்டதாக்கும்" என்றாள் ஷைனி. "காத்தடிச்சு எனக்க துணியே பறந்து போச்சு. நீயும் கண்டேல்லியா?"

"கண்டேன். ஆனா நான் பயந்து போய் முன்னாலயே அமுக்கியிருப்பேன். ஜட்ஜு கேட்டா என்ன சொல்லுவ?"

"உள்ளத சொல்லுவேன்."

"கிராஃப் கோணலா இருக்குன்னு பிரைசு போவும்."

"ஓ, பிரைசு!" என்றாள் அவள். எழுத்து வேலை என்னுடையது. ஆகவே முடிவும் என்னுடையதாயிற்று.

சராசரி ஐந்து வினாடி. மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர். பரிசு கிடைத்தது. அறிக்கையின் தெளிவை நடுவர் தனியே பாராட்டினார். அதே அறிக்கையைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கொடுத்தோம். எங்கள் வார்டு மெம்பர் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தார். கெட்டவர் அல்லர், எங்களுக்கு நாரங்கா வெள்ளம் வாங்கித் தந்தவர். "மோளே, நல்ல பணியாக்கும் செய்திருக்கிய. பின்னே, முப்பத்தாறுன்னா அது ஒரு ஸ்பீடா? ஹம்பு வேணும்னு நான் எப்படிப் பேசுவேன்? நிங்களே இல்லேன்னு எழுதித் தந்தாச்சே." கோப்பில் முத்திரை விழுந்தது. அந்த எலுமிச்சைச் சாற்றின் உப்பும் இனிப்பும் இன்றும் எனக்கு ஆகாது.

இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போனேன். வாசலில் கூட்டம். சாலை முழுவதும் ஈர மணல். அதன் மேல் ஒரு வாளி நசுங்கிக் கிடந்தது. மற்றொரு வாளி நீர் சிந்தாமல் ஓரமாக நின்றது. எப்படி என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அன்று மதியம் கஞ்சி இல்லை; பள்ளியை விட்டுவிட்டார்கள்.

மருத்துவக் கல்லூரியிலிருந்து ராஜம்மாக்கா வீடு திரும்பியபோது, வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நானும் ஷைனியும் போய்ப் பார்த்தோம். கட்டிலில் சாய்ந்திருந்தவர் முதலில் பள்ளியைப் பற்றித்தான் விசாரித்தார். "கஞ்சி இப்ப ஆரு வைக்கிது? உப்பு சரியா இடுதாளா?" ஷைனி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மூன்று அளவீடுகளை அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அடித்தல் என்றால் என்ன என்பதையும் விளக்கினேன். அந்த நேரத்திலும் விளக்கினேன்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எட்டரைக்கு முந்தி போனதா?"

"ஆமாக்கா."

"மூணு நாளும் நான் வாளியோட ரோட்டுல நிக்கேன் மக்கா. நீ கண்டியே, நான் கைய காட்டினேன்லா?"

கண்டேன். பதிலுக்கு நானும் கையை அசைத்திருந்தேன். அவர் திட்டியிருக்கலாம். மகளைக் கூப்பிட்டு, எங்களுக்குச் சாயா போடச் சொன்னார்.

பின்னொரு நாள் அந்த மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். சராசரி ஒரு கிலோமீட்டர்தான் கூடியது. அது எனக்குச் சிறிதும் ஆறுதல் தரவில்லை. அவர் மீது மோதியது சராசரி அன்று. அட்டவணையில் அந்த மூன்று எண்களும் இருந்திருந்தால் மெம்பர் அவற்றைப் பார்த்திருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. பார்க்கும் வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவே. பதினொன்றாம் வகுப்பில் நான் அறிவியல் கேட்கவில்லை. வீட்டில் காரணம் கேட்டபோது, தமிழ் பிடிக்கும் என்றேன். அதுவும் பொய்யன்று.

விபத்துக்கு அடுத்த வாரமே வேகத்தடை வந்தது, ஒருவரும் அளந்து கேட்காமல். சாலையை அகலப்படுத்திப் புதிதாகத் தார் போட்டபோது அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பொதுக்குழாய் இருந்த இடம் சாலைக்குள் போய்விட்டது. சமையற்கூடத்தை இடித்தார்கள். பிள்ளைகள் இல்லாமல் தமிழ்ப் பிரிவு நின்றுபோயிற்று. ஷைனி செவிலியர் வேலைக்காகக் கடல் கடந்தாள். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறாள், இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ராஜம்மாக்கா மகள் வீட்டோடு பாலராமபுரத்துக்குப் போனதாகக் கேள்வி. என் பேருந்து நாள்தோறும் அவ்வூர் வழியேதான் செல்கிறது. நான் ஒரு நாளும் இறங்கியதில்லை.

சென்ற மாதம் பிறப்புச் சான்றிதழ் தொடர்பாகப் பஞ்சாயத்து அலுவலகம் போனபோது, பழைய எழுத்தர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அந்தச் சாலையின் வேகத்தைப் பற்றி யாராவது தகவல் கேட்டால் இப்போதும் அவர்கள் எடுத்துக் காட்டுவது எங்கள் அறிக்கையைத்தானாம். வேறு யாரும் அங்கே நின்று அளக்கவில்லை. முப்பத்தாறு.