பெற்றோல் மூடியிலை குளவிக்கூடு

எனக்கு மூக்கு நுனியிலை கோபம். அதை முதலிலேயே சொல்லிப்போட்டால் மிச்சக் கதை விளங்கும்.

அப்ப நான் ஒட்டுசுட்டானிலை ஒரு கொந்தராத்துக்காரரிட்டை உழவு மிசின் திருத்திற மெக்கானிக். அவர் உலக யுத்தத்துக்கு முந்தின பெரிய இங்கிலீசுக் கார் ஒண்டை எங்கையோ ஏலத்திலை எடுத்து, உழவு மிசினிலை கட்டி இழுத்து வந்து பங்குனி மாசம் என்ரை வளவிலை விட்டார். "உதிலை உயிர் இருக்கோ, பழைய இரும்போ எண்டு ஆறுதலாப் பார்த்துச் சொல்லும்" எண்டார். கிடுகுக் கொட்டிலுக்கை தள்ளிவிட்டன். தோல் சீற்றெல்லாம் எலி கடிச்சுக் கிடந்துது.

அந்த மாசமே குளவி வந்து காரிலை மண்கூடு கட்டிச்சுது. அடுத்த மாசம் என்ரை மனிசி முழுகாமல் இருக்கிறா எண்டு தெரிஞ்சுது. குளவி கூடு கட்டினால் வீட்டிலை பிள்ளை பிறக்கும், கூட்டை உடைக்கக்கூடாது எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். எங்களோடை இருந்த மாமி, மனிசியின்ரை தாய், காரைச் சுத்தி வந்து கூடுகளை எண்ணினா. ஏழு. "தம்பி, உதிலை ஒண்டிலையும் கை வைச்சுப்போடாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

நான் சிரிக்கேல்லை. முதற்பிள்ளையை மாட்டுவண்டிலுக்கை பறிகுடுத்தனாங்கள். ரெண்டாவதை உழவு மிசின் பெட்டிக்கை. ரெண்டு தரமும் வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரப் பிந்திப்போச்சு. இந்தமுறை நோத் தொடங்கின உடனை கொண்டு வரவேணும் எண்டு டாக்குத்தர் கண்டிப்பாச் சொல்லியிருந்தார். கொந்தராத்துக்காரர் நல்ல மனிசன். "காரை ஓடப்பண்ணும். பிள்ளை பிறக்குமட்டும் அது உம்மடை கார்" எண்டார்.

பிறகென்ன, விசர் பிடிச்சவன் மாதிரி வேலை செய்தன். பிளக் ஆறையும் கழட்டி, ஓட்டைகளுக்குள்ளை எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு நாலு நாள் ஊற வைச்சன். ஐஞ்சாம் நாள் முன்னாலை ஹாண்டிலைப் போட்டுச் சுத்த, எஞ்சின் மெள்ள அசைஞ்சுது. ஒவ்வொரு ஓட்டையிலையும் பெருவிரலைப் பொத்திப் பார்த்தன். ஆறிலையும் காத்து விரலைத் தள்ளிச்சுது. "மாமி, உயிர் இருக்கு!" எண்டு கத்தினன். வயரெல்லாம் மாத்தி, கறள் பிடிச்ச பெற்றோல் தாங்கியைக் கழுவி, பிறேக்கைச் சரிப்பண்ணிக் கார்த்திகையிலை ஸ்ராட் பண்ணினன். அம்மாடி, என்ன எஞ்சின், சத்தமே இல்லை! உழவு மிசினோடை சீவிச்ச எனக்கு, அது ஓடுதோ இல்லையோ எண்டு பொனற்றிலை கை வைச்சுப் பார்க்கவேண்டியிருந்துது.

பத்து நிமிசம் ஓடிச்சுது. பிறகு இருமி இருமி நிண்டுது. கொஞ்சம் ஆற விட்டால் திரும்ப ஸ்ராட் ஆகும், திரும்பப் பத்து நிமிசத்திலை நிக்கும். காபுரேற்றரை மூண்டு தரம் கழட்டினன். பம்பைக் கழட்டினன். கொயிலை மாத்தினன். ஆத்திரத்திலை நான் எறிஞ்ச ஸ்பானரிலையிருந்து மாமியின்ரை கோழி மயிரிழையிலை தப்பிச்சுது. மார்கழியும் பிறந்திட்டுது. இந்த ஓட்டத்திலை போனால் வழியிலை நெடுங்கேணிக் காட்டுக்கைதான் பிள்ளை பிறக்கும்.

ஒருநாள் மத்தியானம் கார் நிண்ட கையோடை பெற்றோல் விடுவம் எண்டு தாங்கி மூடியைத் திறந்தன். 'உஸ்' எண்டு காத்து உள்ளுக்கை போச்சுது. நான் அப்பிடியே நிண்டிட்டன். தாங்கிக்குள்ளை காத்துப் போனால்தானே பெற்றோல் வெளியிலை வரும்! அதுக்கெண்டு மூடியிலை ஒரு சின்னத் துவாரம் இருக்கும். அதுக்கு மேலைதான் ஒரு குளவிக்கூடு. அது உடையாமல் அந்த மூடியை ரெண்டு விரலாலை நூறு தரம் கழட்டிப் பூட்டினவன் நான். மடையன்! மடையன்!

"மாமி, இந்த ஒண்டை மட்டும் உடைக்கிறன்" எண்டன். அவா மூடியைப் பறிச்சுச் சீலைத் தலைப்புக்கை ஒளிச்சா. "ரெண்டைப் பறிகுடுத்தது காணாதோ தம்பி?" எண்டு அழத் தொடங்கினா. கத்தவேண்டிய நான் பெற்றோல் தகரத்தைக் கீழை வைச்சிட்டன். உண்மையைச் சொல்லிறன், எனக்கும் பயமாத்தான் இருந்துது.

சத்தம் கேட்டு மனிசி குசினிக்கையிருந்து இடுப்பைப் பிடிச்சபடி வந்தா. தாயின்ரை கையிலையிருந்து மூடியை வாங்கினா. கொண்டையூசியைக் கழட்டி மண்ணைக் குத்தி உடைச்சா. "பாருங்கோ அம்மா, உள்ளுக்கை ஒண்டும் இல்லை. குளவிக்குஞ்சு எப்பவோ பறந்திட்டுது. என்ரை பிள்ளை என்ரை வயித்துக்கை கிடக்கு" எண்டா. பிறகு என்னைப் பார்த்து, "என்ன முழுசிக்கொண்டு நிக்கிறியள்? ஓட்டிப் பாருங்கோவன்!"

பின்னேரம் மட்டும் ஓட்டினன். நிக்கேல்லை.

நாலாம் நாள் விடிய, கொட்டிற மழைக்கை நோத் தொடங்கிச்சுது. மாமி மகளின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு பின் சீற்றிலை இருந்தா. நெடுங்கேணி தாண்டிச்சுது, புளியங்குளம் தாண்டிச்சுது, ஒருக்காலும் இருமேல்லை. ஆசுப்பத்திரி வாசலிலை அவையளை இறக்கிவிட்டும் எனக்கு நம்பிக்கை வரேல்லை. நிப்பாட்டினால் திரும்ப ஓடாது எண்ட பயத்திலை கால் அக்சிலேற்றரை விடேல்லை. எவ்வளவு நேரம் அப்பிடி இருந்தன் எண்டு தெரியாது.

ஒரு நேர்ஸ் மிஸி கார் யன்னலுக்கை தலையை நீட்டினா. "அண்ணை, உந்தக் காரை நிப்பாட்டுங்கோ! வாட்டெல்லாம் புகை. தாயும் பிள்ளையும் சுகமாக் கிடக்கினம், நீங்கள் ஏன் உதை உறுமவிட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

நிப்பாட்டினன். அப்பதான் எனக்குக் கேட்டுது, உள்ளுக்கை என்ரை மகள் கத்திறது. நல்ல கோபக்காரி.