பின்னிருக்கைக்கு அடியில் இருந்த பாரம்

அந்த ஏரியில் படகு ஓட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தண்ணீரைக் கலக்காமல் ஓட்டுபவர் என்று பெயர் வாங்கியவர் அவர் ஒருவர்தான். நீர்ச்சறுக்குக்காரர்களுக்குப் படகின் பின்னால் தண்ணீர் தரைபோலக் கிடக்க வேண்டும். அவருடைய படகும் அதற்கென்றே கட்டப்பட்டது, எடை குறைவு. யாராவது ஒரு பையைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்தால்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஏரியையே தேய்த்து மடித்து வைத்துவிடுவார் என்று படகுத்துறையில் அவருக்கு 'இஸ்திரிக்காரர்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள் வேக்போர்டு என்னும் அலைச்சறுக்கில் பைத்தியமானாள். அதில் ஒரே பலகை. இரண்டு கால்களையும் அதில் பூட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படகுக்குப் பின்னால் இரண்டு வரப்புகளாக எழும் அலையில் ஒன்றில் ஏறி எகிறி, மற்றதையும் தாண்டி அதன் மறுசரிவில் இறங்க வேண்டும். அலை உயர வேண்டுமானால் படகு அமுங்க வேண்டும், அமுங்குவதற்குப் பாரம் வேண்டும். ஆகவே பின்னிருக்கைகளுக்கு அடியில் இரண்டு பெரிய ரப்பர் பைகள் வந்தன. ஏரித் தண்ணீரையே அவற்றில் ஏற்ற ஒரு பம்பும் வந்தது. முதல் தடவை படகு பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்ற பெண் ஆசைப்பட்டுக் கேட்டால் மனுஷன் என்னதான் செய்வான்?

போன வருடம் அவள் விழுந்ததில் முழங்கால் பிசகி, அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு அவள் மாடிப்படி இறங்குவதை மாதக்கணக்கில் கீழே நின்று பார்த்தவர் அவர். இனி இந்தப் பெண்ணைப் பறக்கவிடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அவள் தேறித் திரும்பி வந்த நாளிலிருந்து பைகளில் பாதிதான் தண்ணீர். மீதிக்குக் காற்றை அடித்துவிடுவார். இருக்கையைத் தூக்கிப் பார்த்தாலும் பை புடைத்துக்கொண்டு நிற்கும். பை நிரப்புவது அவர் வேலை என்பதால் அவள் ஏன் சந்தேகப்படப் போகிறாள்?

அலை எழும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் மறு அலையை எட்டாமல், நடுவில் கிடந்த தட்டைத் தண்ணீரில் வந்து மோதினாள். மறுசரிவுதான் காலை வலிக்காமல் வாங்கிக்கொள்ளும்; தட்டைத் தண்ணீரில் விழுவது சிமெண்டுத் தரையில் குதிப்பதற்குச் சமம். இது அவருக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும், உயரம் போகவில்லையே என்று ஆறுதல் பட்டுக்கொண்டார். அவளோ வீட்டுக்கு வந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது, பலகையை விற்றுவிடப் போவதாகச் சொன்னாள்.

"என் கால்ல பழைய பலம் இல்லப்பா. எவ்வளவு எகிறினாலும் எட்ட மாட்டேங்குது."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரும் தலையாட்டினார். அவர் நினைத்தது நடந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். ஆனால் தன் காலையே பழித்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மகளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலை, கடைசியாக ஒரே ஒரு தடவை வா என்று கெஞ்சி அவளைத் துறைக்குக் கூட்டிப் போனார். ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும் என்பதால் பின்னால் பார்த்துக்கொள்ள மனைவியின் தம்பியும் வந்தான். அவர் இருக்கையைத் தூக்கிப் பையின் மூடியைத் திருகினார். காற்று புஸ்ஸென்று கிளம்பி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

பை பெருமூச்சு விடுகிறது என்று தம்பிக்காரன் கேலியை ஆரம்பித்தான். பை பாதியாகச் சுருங்கியதைக் கண்டதும் அவர் முகத்தைப் பார்த்தான்.

"உன் காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. நான்தான் அலையக் குறைச்சேன்."

"எப்பலேருந்து?"

"நீ திரும்பி வந்த நாள்லேருந்து."

அவள் கத்தியிருந்தால் தேவலை. பம்பின் குழாயைப் பையில் செருகி, தண்ணீர் வழியும் வரை பக்கத்திலேயே நின்றாள். உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மிச்சக் காற்றையும் வெளியேற்றினாள். இரண்டாவது பைக்கும் அப்படியே. இன்றைக்குத் தம்பிக்காரன் ஓட்டட்டும் என்று அவர் ஒதுங்கினார்.

"நீயே ஓட்டு. ஆனா என்னப் பாக்காத," என்று சொல்லி, பின்பக்கத்தைப் பார்க்க ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

படகு கனத்துப் போய் நகர்ந்தது. கயிறு இடப்பக்கம் இழுப்பது ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குத் தெரிந்தது. அவள் விலகிப் போகிறாள். இழுப்பு கூடிக்கொண்டே வந்து சட்டென்று நின்றது. கயிற்றில் ஆளே இல்லாததுபோல இருந்தது. அவள் எகிறிவிட்டாள். வேகத்தைக் குறைத்துவிடக் கை துடித்தது. குறைத்தால் கயிறு தொய்ந்து அவள் விழுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் ஓட்டினார். இவ்வளவு பயத்தை அவர் ஆஸ்பத்திரியில்கூடப் பட்டதில்லை.

வலப்பக்கத்திலிருந்து கயிறு வெடுக்கென்று இழுத்தது.

"நிக்கிறா மாமா," என்றான் தம்பிக்காரன். அவருக்குக் கண் கலங்கி ஏரி மங்கலாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கரை சேர்ந்ததும் அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, பலகையை விற்கப் போவதில்லை என்றாள். அவர் முகம் மலர்ந்தது.

"ஆனா இனிமே பை ரெண்டையும் நானே நிரப்பிக்கிறேன்பா."

சரிம்மா என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.