ஏற்றத்தில் குலுங்கிய வேன்

நான் முன்கோபக்காரன். இதை என் மனைவி சொல்ல வேண்டியதில்லை, உக்குவளையில் எங்கள் தெருவே சொல்லும். அவளுக்கு ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் வேலை. அந்தப் பாதையில் நேரத்துக்கு பஸ் வராது. அதனால் நாற்பது வயதில் லைசன் எடுத்து, வீட்டு வேனை அவளே ஓட்டத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. கூட வேலை செய்யும் இரண்டு டீச்சர்மாரும் அதில்தான் போவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவள் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். எனக்கு அது பிடிக்கும், வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"என்னங்க, ஏத்தத்துல வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. ஓரமா நிப்பாட்டிட்டேன்."

த்ரீவீலர் பிடித்துப் போனேன். வளைவில் மூவரும் சாப்பாட்டுப் பைகளோடு நின்றார்கள். நான் இறங்கும்போதே கத்தினேன்.

"கியர்பொக்ஸ உடைச்சிட்டியா? தானா மாறுற ஓட்டோ கியரையே உடைக்கிறதுக்கு உன்னாலதான் முடியும்."

"கியர் மாதிரி தெரியலங்க. மிதிச்சாத்தான்..."

"உனக்கு என்ன தெரியும்? இனிமே இந்த வண்டியத் தொடாத."

டீச்சர்மார் இருவரும் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் சாவியை என் கையில் வைத்தாள். அவர்கள் இருவரும் பிந்தி வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அவள் என்னோடு வேனில் ஏறினாள்.

இறக்கத்தில் வேனை நானே ஓட்டி வந்தேன். ஒரு குலுக்கல் இல்லை. "பாத்தியா, ஓட்டுற மாதிரி ஓட்டினா போகுது" என்றேன். இறக்கத்தில் எந்த வண்டிதான் போகாது? அது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை.

நேராக மாத்தளை கராஜுக்கு விட்டேன். எங்கள் வண்டிகளைப் பல வருஷமாகப் பார்க்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனுடையது அது. "கியர்பொக்ஸ் போயிட்டு நானா, கழட்டிப் பாருங்க" என்றேன்.

"கழட்டுறது இரிக்கட்டும் தம்பி. ஓட்டினது யாரு?"

அவளைக் காட்டினேன்.

"அப்ப தங்கச்சி சொல்லட்டும்."

அவர் கியர் ஒயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். சிவப்பாக, தீய்ந்த வாடையில்லாமல் இருந்தது. பிறகு அவளை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, தானும் முன்னால் ஏறிக்கொண்டார். எனக்குப் பின் சீட். கராஜுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வேன் ஏறியது. பாதி மேட்டில் வண்டி உதறத் தொடங்கியது.

"இப்ப கியர் மாறினதா?"

"இல்ல நானா. அதே கியர்லதான் குலுங்குது. கால எடுத்தா குலுக்கம் நின்னுரும். காலையில என்ஜின் லைட்டும் சிமிட்டுச்சு."

"சரியாச் சொல்றீங்க. கியர்ல ஒண்டுமில்ல. என்ஜின் மிஸ்ஸாகுது, ஒரு பிளக் எரியல்ல."

திரும்பி வந்து பொனட்டைத் திறந்தார். என்ஜினில் மேலே, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் ஒன்றைக் கழற்றினார். பிளக் இருக்கிற குழிக்குள் தண்ணீர். குங்குமம் கரைந்து சிவந்த தண்ணீர்.

"என்ஜினுக்குத் தண்ணி அடிச்சது யாரு?"

நான்தான். சனிக்கிழமை ஆயுத பூஜைக்கு ஹோஸ் பிடித்து என்ஜினைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்தவன் நான். பழைய டீசல் வேனை வருஷா வருஷம் அப்படித்தான் கழுவினேன், அதற்கு ஒன்றும் ஆனதில்லை. டீசலில் இந்தப் பிளக்கும் கொயிலும் கிடையாது, இது பெட்ரோல் என்று நானா விளக்கினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

காற்றடித்துக் காயவைத்து, பிளக்கை மாற்றியதும் வேன் மேட்டில் சத்தமில்லாமல் ஏறியது. வீட்டுக்கு வந்து, "சரி விடு, நாளைக்கி நீயே எடுத்துட்டுப் போ" என்று சாவியை நீட்டினேன்.

"வேணாங்க. பஸ்ஸில போயிக்கிறேன். முடியலன்னா இடமாற்றம் கேட்டு எழுதுறேன்."

"அதான் சரியாப் போச்சே."

"வண்டி சரியாப் போச்சு. நீங்க அவங்க ரெண்டு பேருக்கு முன்னாடி சொன்னது அப்படியே நிக்குது."

மறுநாள் நானே ஓட்டினேன். அவள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். டீச்சர்மார் இருவரும் சந்தியில் ஏறினார்கள். ரத்தோட்டை தாண்டி, அதே வளைவில் வேனை ஓரங்கட்டினேன்.

"டீச்சர், நேத்து வண்டிய இவ கெடுக்கல. என்ஜினுக்குத் தண்ணி அடிச்சுக் கெடுத்தது நான். என்ன கோளாறுன்னு சரியாச் சொன்னதும் இவதான். நான் கேக்கல."

பின் கதவு திறந்தது. அவள் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க. பெல் அடிக்க நேரமாச்சு. நீங்க பஸ்ஸில போங்க."