ஆறு வீட்டுக்கு ஒரு முகவரி

டீத்தூள் உறையின் மேல்மடிப்பைப் பிளேடால் கீறி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தொகுதி எண் அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார் முனீஸ்வரி. பிறகு விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டிச் சொற்களை எண்ணுகிறார். ‘இந்தத் தேநீரை நான் விரும்பக் காரணம்’ என்று நிறுவனம் தொடங்கிவைத்த வாக்கியத்தைப் பத்துச் சொற்களுக்குள் முடித்தாக வேண்டும். பன்னிரண்டு வருகிறது. “ரெண்டு பேரு எறங்குங்கப்பா” என்று பேருந்து நடத்துநரைப் போல முணுமுணுத்தபடி இரண்டை அடிக்கிறார்.

வயது முப்பத்தொன்பது. சின்னமனூரில் ஓர் உரக்கடையில் பில் எழுதுகிறார். பரிசுப் போட்டிகளுக்கு எழுதத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. அத்தனைக்கும் நீள நோட்டில் பதிவு உண்டு: வரிசை எண், தேதி, நிறுவனம், அனுப்பிய வாசகம், ஒப்புகை, முடிவு. குக்கர் ஒன்றும் ஹாட்பாக்ஸ் இரண்டும் போக, வென்றவற்றில் பெரும்பகுதி சுவர்க்கடிகாரங்கள். தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார். ஆறு வீடுகளில் சலவைத்தூள், பல்பொடி, ஊதுபத்தி ஆகியவற்றின் பெயர் தாங்கிய கடிகாரங்கள் ஓடுகின்றன.

அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன் ராக்கப்பனோடு தன்னைச் சேர்த்துப் பேசினால் முனீஸ்வரிக்குப் பொறுக்காது. தமிழ்நாட்டில் லாட்டரி நின்றுபோன நாளிலிருந்து, சீட்டு வாங்குவதற்காகவே ராக்கப்பன் கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் பேருந்து ஏறுகிறார். “அண்ணன் எடுக்குறது அதிர்ஷ்டம். நான் எழுதுறது மூளை. ரெண்டையும் ஒரே தராசுல போடாதீக” என்பார் முனீஸ்வரி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுவனங்கள் மின்னஞ்சல் முகவரி கேட்கத் தொடங்கின. பேருந்து நிலையத்தருகே பிரவுசிங் சென்டர் நடத்தும் இம்மானுவேல் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தான். அதை அட்டையில் எழுதி வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் கல்யாணப் பத்திரிகைகளில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டுப் ‘பிபி’ என்று குறித்தார்களே, அந்த வழக்கம் அப்படியே இதற்கும் வந்தது. துபாயில் இருக்கும் மகன் எழுதுவதற்கு ஒரு வீடு, பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்கு ஒரு வீடு என ஆறு வீடுகள் அந்த அட்டையைப் பார்த்து முகவரியைப் படியெடுத்துக்கொண்டன. சனிக்கிழமைதோறும் உணவு இடைவேளையில் முனீஸ்வரி போய்ப் பார்த்து, அவரவர் கடிதத்தை அச்செடுத்து வந்து கொடுப்பார். இதில் விந்தை இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரேயொரு பிடிவாதம்தான் வினையாயிற்று. வந்த ஒப்புகை எதையும் அவர் அழிப்பதில்லை. போட்டி நடத்தியவர்கள் அவர் முகவரியை யார் யாருக்கோ கொடுத்திருந்தார்கள். கேளாத கடனும், உடல் இளைக்கும் மாத்திரையும், எழுதவே எழுதாத லண்டன் பரிசும் நாள்தோறும் வந்து விழுந்தன. எதற்குள் ரசீது இருக்குமோ என்று அவற்றையும் அவர் தொடவில்லை. இலவசக் கணக்கு கொள்வது ஆறு எம்பி.

“அக்கா, பொட்டி நெறஞ்சிருச்சு. கொஞ்சத்த அழிங்க” என்று இம்மானுவேல் இருமுறை சொன்னான்.

“ரசீதக் கிழிக்கச் சொல்றியாலே? நாளைக்கு அவெங்க வரலேன்னு சொன்னா நான் எதக் காட்டுறது?” உரக்கடையில் கற்ற பாடம் அது.

எதிர்வீட்டு ஜெபமணியின் மகள் சாராள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் கொடுத்ததும் அட்டையில் இருந்த முகவரியையே. கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் தபாலில் கடிதம் வந்தது. ‘மின்னஞ்சலில் ஏற்கெனவே தெரிவித்தபடி’ பன்னிரண்டாம் தேதி நேர்முகத் தேர்வு என்றிருந்தது. அன்று தேதி பதினான்கு. சாராள் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். மின்னஞ்சல் பெட்டியில் இடமில்லாமல் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது சுற்று ஒன்று உண்டு. அதற்கான அழைப்பும் விண்ணப்பத்தில் உள்ள அதே முகவரிக்குத்தான் வரும், மாற்ற இயலாது. அதையும் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

மேகமலை எஸ்டேட்டில் தேயிலை எடை போடும் ஜெபமணி சனிக்கிழமை மாலை இறங்கி வந்தார். செய்தி கேட்டதும் சுவரிலிருந்து சலவைத்தூள் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துவந்து, முனீஸ்வரியின் வாசற்படியில் வைத்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.

“இதுவும் ஒங்க போட்டிச் சாமானுதானம்மா. இங்கனயே கெடக்கட்டும்.”

“கடிகாரம் என்ன செஞ்சுச்சு? கேக்கணும்னா என்னயக் கேளுங்கண்ணே.”

“கேக்கத்தான் வந்தேன். எம்பிள்ள மூணு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சது. ஒங்க சோப்புக் கூப்பனுக்கெல்லாம் எடம் இருந்துச்சு, அவ கடுதாசிக்கு எடம் இல்லயா?”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கப்பன் குரல் கொடுத்தார். “மலையிலருந்து எறங்கி வந்து கேக்குறாகள்ல, பதில் சொல்லு ஆத்தா. இந்தக் கூத்த இன்னையோட விட்டுரு.”

“நீங்க குமுளிக்குப் போறத விடுங்க, நானும் விடுறேன்” என்றார் முனீஸ்வரி. படியில் இருந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போயும் கொதிப்பு அடங்கவில்லை. முகவரியை விற்ற நிறுவனங்கள்மேல் கோபம். இரண்டு ஆண்டுகள் வீட்டுக்கு வந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஒருநாள்கூட அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்காத ஆறு வீடுகள்மேல் கோபம். பெட்டி நிறைந்தது தெரிந்தும் அழிக்காதிருந்த தன் கைமேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

மறுநாள் காலையிலேயே சென்டரில் போய் உட்கார்ந்தார். நானூற்றுப் பதினேழு அஞ்சல்கள். ஒவ்வோர் ஒப்புகையின் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டு, குறித்ததை அழித்தார். “போ. நீயும் போ. ஒங்க டூத்பேஸ்ட்டும் வேணாம், ஒங்க பெட்சீட்டும் வேணாம்.” பக்கத்துக் கணினியில் தேர்வு முடிவு பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டி காலி. திங்கட்கிழமை மாலை பார்த்தால் புதிதாகப் பத்தொன்பது.

“எடுபட்ட பயலுக, அழிக்க அழிக்க மொளைக்கிறானுகளே.”

செவ்வாயன்று கடைக்கு அரைநாள் விடுப்புச் சொன்னார். போட்டிகளுக்கென்று தனியாக ஒரு முகவரி தொடங்கினார். அதை அட்டையில் எழுதவில்லை; நோட்டின் கடைசித் தாளில் எழுதித் தாளை மடித்துக்கொண்டார். ஆனால் முடிவு தெரியாத முப்பத்தொரு போட்டிகளில் இருப்பது பழைய முகவரி. அவற்றில் ஒன்றில், ஸ்கூட்டர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில், அவர் பெயர் இருந்தது. பதினேழு ஆண்டுகளில் அத்தனை அருகில் அவர் போனதில்லை.

ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டு, சாராளையும் கூட்டிக்கொண்டு மறுபடி சென்டருக்கு வந்தார்.

“புது பாஸ்வேர்டு போடு. இனி இந்தப் பொட்டி ஒன்னோடது. தெனமும் வந்து பாத்துக்க. மத்த வீட்டுக் கடுதாசியயும் நீயே எடுத்துக் குடு.”

“அத்தே, ஒங்களுதும் இதுலதான வரும். ரெண்டு பேருமே பாத்துக்கிரலாமே” என்றாள் சாராள்.

“ரெண்டு கை பூந்தா இப்பிடித்தான் ஆகும். ஒன்னு காணாமப் போச்சுன்னா ஒங்கப்பா மறுபடி எந்தக் கடிகாரத்தக் கழட்டுவாக? ஒங்க செவுத்துல வேற இல்ல.”

“ஸ்கூட்டரு முடிவு வர்ற வரைக்குமாவது வச்சுக்கங்கக்கா” என்றான் இம்மானுவேல்.

“நீ சும்மா இருலே. பாஸ்வேர்ட அடி, புள்ள.”

சாராள் விசைப்பலகையில் கை வைத்ததும், முனீஸ்வரி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் எழுத்துகள் விழும் ஓசை கேட்டு, நின்றது.

“போட்டாச்சு அத்தே.” திரையை மறுபடி பார்த்துவிட்டு, “புதுசா ஒன்னு வந்து நிக்குது” என்றாள்.

“ஒன் கடுதாசியா?”

“இல்ல. ஒங்க பேருக்கு.”

முனீஸ்வரி திரும்பவில்லை. மடியில் நோட்டைப் பிரித்து, முடிவு தெரியாத முதல் வரியின்மேல் அடிஸ்கேலைப் பொருத்தி, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பிறகு ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்கினார்.