சரிகையின் உள்பக்கம்

பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் மின்னணு நுண்ணோக்கியை இயக்குவது என் வேலை. சிறு துணுக்கு கொடுத்தால் போதும், அதில் என்னென்ன உலோகங்கள் இருக்கின்றன என்று காட்டிவிடும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வள்ளி அக்கா நெய்த பட்டுப் புடவையை, சரிகை போலி என்று, அவருக்குக் கூலிக்கு நெய்யக் கொடுக்கும் பட்டுக்கடை முதலாளி திருப்பிவிட்டார். தான் கொடுத்த வெள்ளிச் சரிகையை அக்கா மாற்றிவிட்டதாகப் பழி.

நெசவுக்குப் புதுப் பாவு நூல் ஏற்றும் நாளில், முதலாளி தந்த சரிகையில் ஒரு துண்டை மஞ்சள் குங்குமம் தடவித் தறியில் கட்டுவது அக்காவின் வழக்கம். அதைக் கொண்டுவரச் சொன்னேன். பளபளவென்று வந்தது.

"ஒரே மஞ்சளா இருந்துச்சுபா. புளி போட்டுத் தேச்சேன்."

"யாருக்கா தேய்க்கச் சொன்னது? மேல்பூச்சே போயிருக்கும்!"

"பெரிய மிஷினுக்குள்ள அழுக்கோடவா வைக்கிறது?"

எரிச்சலை அடக்கிக்கொண்டு, அதையும் புடவைச் சரிகையையும் பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி உள்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டிலும் வெள்ளிக்குப் பதில் செம்புதான். முதலாளி கொடுத்ததே போலி.

"வாக்கா, கடைக்கே போய்க் கேக்கலாம்."

"வேணாம்பா. அப்புறம் பாவு யாரு குடுப்பா? எங்க வூட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லு. அவரும் என்னத்தான் சந்தேகப்பட்டுக்கினு இருக்காரு."

போய்ச் சொன்னேன். அவர் அக்காவைப் பார்க்காமலே, "சரிப்பா" என்றார்.

உண்மையைக் கண்டுபிடித்தால் என் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்றும் அந்தக் கடையைத் தாண்டும்போது வண்டியின் வேகத்தைக் கூட்டிவிடுகிறேன்.