அத்தை கேட்ட உப்பு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் லேசில் யார் மேலும் வந்துவிட மாட்டாள். ரப்பர் தோட்டம் என்றால் அவளுக்கும் இளப்பமோ என்னவோ. தேயிலைத் தோட்டங்களில் திருவிழாவுக்கு நாலு பேர் மேல் வருகிறவள், இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் இருக்கிற எங்கள் லயத்து வீடுகளை எட்டிப் பார்த்தாலே அதிகம். அப்படிப்பட்டவள் எங்கள் அத்தை மேல் வந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். முந்தின வருஷம் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. ரப்பர் மர நிழலிலேயே வேலை செய்கிறவள் உள்ளங்கை ரேகை வரைக்கும் கறுத்துப்போனாள். ஈறுகூடக் கறுத்தது. பால் வாளியைத் தூக்கினால் தலை சுற்றியது. எந்நேரமும் உப்பு கேட்டது வாய். கல் உப்பை மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள், நாங்கள் கேலி செய்வோம். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடம்புக்குள் ஒரு சுரப்பி ஓய்ந்துவிட்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரை, ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாத்திரை போட்டதும் அத்தை தேறி வேலைக்குப் போனாள். தேறியதுதான் வினையாகப் போயிற்று. நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை என்று லயமே கேட்டது.

அந்தத் திருவிழாவுக்கு அத்தை காப்புக் கட்டிக்கொண்டாள். மாரியம்மன் நோயைத் தீர்த்ததற்கு நேர்த்திக்கடன். காப்புக் கட்டினால் தேர் முடியும் வரை உப்பில்லாத சோறு, அதுவும் ஒரு வேளை. மருந்தையும் தொடக் கூடாது. ஆத்தாளை நம்பிக் கையில் மஞ்சளைக் கட்டிவிட்டு, மறைவில் மாத்திரையை விழுங்கினால் அவள் என்ன நினைப்பாள்? அம்மா மட்டும் மாத்திரையை விட வேண்டாம் என்றாள்.

"ஆத்தா பாத்துக்குவா, நீங்க சும்மா இருங்க அண்ணி" என்றாள் அத்தை.

தேரன்று தப்பு மேளச் சத்தம் ஏற ஏற, கோயில் வாசலில் நின்ற அத்தைக்கு உடம்பு நடுங்கியது. கண் செருகியது. அப்படியே மண்ணில் சாய்ந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றிக் கேட்டார்.

"சொல்லு தாயி, என்ன வேணும் ஒனக்கு?"

"உப்பு… கொஞ்சம் உப்பு குடுங்க."

அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டுவது எங்கள் வழக்கம். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. காணிக்கைக்கு வைத்திருந்த உப்பையெல்லாம் ஆளாளுக்கு அத்தையின் காலடியில் கொட்டினார்கள். அவள் கை மெல்ல ஊர்ந்து போய், மண்ணோடு சேர்த்து உப்பை அள்ளி வாயில் போட்டது. ஆத்தா ஏத்துக்கிட்டா என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு பெண் தன் மகளுக்கு எப்போது கல்யாணமாகும் என்று குனிந்து கேட்டாள். அத்தை வாந்தி எடுத்தாள். அதற்கும் கும்பிட்டார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"கை ஜில்லுனு கெடக்குங்க. சாமி வந்த ஒடம்பு கொதிக்கும். இது சாமி இல்ல, எங்க புள்ள சாகக் கெடக்கு."

"வாய அடக்கும்மா, ஆத்தா கோவிச்சுக்குவா" என்றார் பூசாரி.

"கோவிச்சுக்கட்டும்."

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. விளக்கு வைக்காமல் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காத அம்மா, சாமிக்கு நேரே நின்று அப்படிச் சொல்லிவிட்டாள். இந்த நிமிஷமே எங்கள் குடும்பம் பூண்டோடு போய்விடும் என்று பயந்தேன். அப்பா அத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அண்ணனின் ஆட்டோவில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சேலைன் ஏற்றினார்கள். போத்தலில் இருப்பது உப்புத் தண்ணீர்தான் என்று தாதி சொன்னாராம். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டொக்டர் சிங்களத்தில் அப்பாவை ஏசியிருக்கிறார். இன்றைக்கும் அத்தை மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கோயிலுக்கே வருகிறாள்.

அப்போது ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொஞ்சம் பேச்சு வந்த பிறகு என்னையும் கூட்டிப்போனார்கள். அம்மா கஞ்சிக் கோப்பையைக் கழுவப் போன நேரம் பார்த்து, அத்தையின் காதோரம் கேட்டேன்.

"அத்த, ஆத்தா ஒங்ககிட்ட என்னா சொன்னா?"

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள்.

"யாரும் வரல பாப்பா. நாந்தான் கெடந்தேன் அங்க. நீங்க எல்லாரும் கும்புட்டுக்கிட்டே நின்னீங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியாயிற்றே. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சாமி வந்ததை வெளியே சொல்லக் கூடாது போலிருக்கிறது, அதுதான் மறைக்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குக் காட்ட, கட்டிலோரம் நின்று கண்ணை மூடி அவளைக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.