மாடத்தில் வைத்த விளக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். பிறர் குற்றத்தைக் கிளறுவது பாவம் என்று பேனாவை எடுப்பேன், வைப்பேன். ஆனால் போன திருவிழாவிலும் ஒருவர், "செல்லு ஒளிச்சவரு வீட்டம்மாவா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. வடக்கே இரும்பாலை கட்டும் இடத்தில் ருஷ்யாக்காரர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்த என் தம்பி, லீவில் வரும்போது ஒரு மண்ணெண்ணெய் விளக்கும் அதோடு சேர்ந்த ரேடியோவும் கொண்டுவந்தான். விளக்கின் கண்ணாடிக்கு மேலே உலோகத் தகடுகள் சுற்றிலும் விரிந்து நிற்கும். அங்கிருந்து ஒரு வயர் ரேடியோவுக்குப் போகும். செல்லு, அதாவது பாட்டரி, கிடையாது.

"அக்கா, உள்ள சுடணும், வெளித் தகடு ஆறணும். அந்தச் சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசத்துலதான் கரண்ட்டு வருது. காத்து படுற எடமாப் பார்த்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வருடம் என் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர், தம்பி முறை, தன் ஆண் குழந்தையை ஞானஸ்நானத்தில் ஏந்தும் ஞானத்தகப்பனாக இவரை இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். இவர் அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் சாயங்காலம், "உறவெல்லாம் வந்திருக்கு, அந்தப் பாடுற வெளக்கக் கொண்டாங்கண்ணே" என்று அந்தப் பங்காளி கூப்பிட, இவர் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார். நானும் போனேன்.

முற்றத்தில் வைக்கப் போனார். பங்காளி விடவில்லை. "நல்ல நாளும் அதுவுமா வெளக்கத் தரையில வைக்கிறதா? மாதா மாடத்துல வைங்க."

"காத்து படலைன்னா பாடாதுப்பா."

"ஏண்ணே, வெளக்குக்கு வேர்க்குமாக்கும், விசிறி விடணுமாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பங்காளியே விளக்கை வாங்கிச் சுவரில் குடைந்த அந்த ஆழமான மாடத்துக்குள் வைத்தார். மாதாவுக்கு முன்னால் விளக்கு வைப்பது எங்கள் வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டாமா?

ரேடியோ நன்றாகத்தான் பாடத் தொடங்கியது. போகப் போக மாடமே அடுப்பாகிவிட்டது. உள்ளும் சூடு, வெளியும் சூடு. பாட்டு இளைத்து இளைத்து நின்றுபோனது. விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

"பொட்டிக்குள்ள செல்லு ஒளிச்சு வச்சிருந்திருக்காரு, அது தீந்துபோச்சு" என்றார் பங்காளி.

"இல்லப்பா, வெளிய வச்சு ஆற விடு. கொஞ்சம் பொறு, பாடும்" என்று இவர் கெஞ்சினார். யாரும் பொறுக்கவில்லை. இலை போட்டாயிற்று என்று எழுந்து போய்விட்டார்கள். நான் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி, "பாருங்க, செல்லு எங்க இருக்கு?" என்று பெண்களிடம் காட்டினேன். பார்த்தார்கள். அவர்களும் பந்திக்கு எழுந்து போனார்கள்.

மறுநாள் கோயிலில் சாமியார் முன்னால் குழந்தையை வேறொருவர் ஏந்திக்கொண்டு நின்றார். "பொய் சொல்ற கையில புள்ளையக் குடுக்க மனசு வரல" என்று பங்காளி வாசலிலேயே சொல்லிவிட்டார். குழந்தைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை என் மடியிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் முற்றத்தில், காற்றோட்டமான இடத்தில் விளக்கை ஏற்றினேன். தெரு முழுக்கக் கேட்கும்படி பாடியது. குழந்தையின் தாய் பிள்ளையோடு வந்து நின்று கேட்டுவிட்டு, "அக்கா, நான் சொல்லிப் பாக்குறேன்" என்று போனாள். அவள் புருஷன் சொன்ன பதில் வேலிக்கு இந்தப்பக்கம் கேட்டது: "இன்னைக்குப் புதுச் செல்லு போட்டிருப்பாரு."

காதால் கேட்டும் நம்பாதவரை என்ன செய்ய? என் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் அந்தப் பையனைத் தூரத்திலிருந்துதான் பார்த்தார். இன்றும் பரலோக மந்திரத்தில் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடம் வந்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆண்டவர் என்னைப் பொறுக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கதை இன்னும் ஊரில் நடமாடுகிறது, அதுவும் தலைகீழாக. நீங்கள் யாரிடமாவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். எனக்காகக் கண்ணீர் சேர்க்க வேண்டாம், என் வீட்டுக்காரருக்காகப் புகழும் சேர்க்க வேண்டாம். பெட்டியில் செல்லு இல்லை, விளக்கை மாடத்தில் வைத்தது அவர் இல்லை. இந்த இரண்டும் மாறாமல் இருந்தால் போதும்.